பழைய டிசைர குடுத்துட்டு வி-கிராஸ் எடுக்கலாமா?

மக்களே ஒரு யோசனை சொல்லுங்க. நமக்கு உசிலம்பட்டி பக்கம், மல்லி தோட்டம். 2012 டிசைர் டீசல் கார் ஒன்னு இருக்கு, விடியக்காலைல பூ மூட்டைய பின்சீட்டுல அமுக்கிக்கிட்டு மாட்டுத்தாவணி மார்க்கெட் போறதும் அதுலதான், அப்பத்தாவ ஆஸ்பத்திரிக்கு கூட்டிப் போறதும் அதுலதான். ஈரச்சாக்கு வாடை சீட்டுல ஏறிப்போச்சு, விசேஷத்துக்கு கெளம்புனா வீட்டுக்காரி மூஞ்சிய திருப்பிக்கிறா.

இப்ப இசுஸு வி-கிராஸ் மேல ஒரு கண்ணு, பின்னாடி லோடு ஏத்துற பிக்கப் வண்டி. ஆனா டிசைர் 4 மீட்டருக்குள்ள அடங்கிரும், இது 5.3 மீட்டர், எங்க தெரு முக்குல ஆட்டோவே ரெண்டு தடவ ரிவர்ஸ் எடுக்கும். அப்பத்தா வேற அம்புட்டு உயரம் எப்படி ஏறும்?

1.9 லிட்டர் டீசல், லோடோட நெசமா என்ன மைலேஜ் வருது, வெள்ளை போர்டுல (சொந்த உபயோக நம்பர் பிளேட்டு) சொந்த பூவ ஏத்துனா செக்கிங்ல எதுவும் சொல்றாங்களா? வச்சிருக்கவுக சொல்லுங்கப்பா. டிசைர விக்கவும் மனசு வரல.