டேரும் கேலிபரேஷனும்: ஒரே சொல் போதாது

வணக்கம்.

சமையல் எரிவாயு சிலிண்டரில் மிச்சம் எவ்வளவு என்று காட்டும் எடைமேடை பற்றிய குறிப்பில், ஆங்கிலச் சொற்களுக்கு ஈடாக வந்த தமிழ்ப் பரிந்துரைகளைப் படித்தேன். மேடையில் வைத்த கனத்தை மின்குறியாக மாற்றும் லோட் செல்லுக்குப் 'பளு உணரி' என்பதில் எனக்கு மறுப்பில்லை. 'சுமைக்கலம்' வேண்டாம். கலம் என்றதும் மின்கலம் நினைவுக்கு வரும். இதுவோ மின்சாரம் தருவதில்லை, கேட்டு வாங்குகிறது. உள்ளே இருப்பது வளையும் உலோகத் துண்டும் அதன்மேல் ஒட்டிய திரிபுமானிகளும்தான் (வளைவுக்கேற்ப மின்தடை மாறும் பட்டைகள்). திரிபு, அந்தச் சிறு மின்தடை மாற்றத்தை அளக்க உதவும் வீட்ஸ்டோன் சமனச்சுற்று இரண்டும் பாடநூலிலேயே இருக்கின்றன; அவற்றில் கைவைக்க வேண்டியதில்லை.

> டேர், கேலிபரேஷன் இரண்டையும் 'அளவுத்திருத்தம்' என்றே சொல்லிவிடலாம். இரண்டும் சரிசெய்வதுதானே?

இதற்கு நான் உடன்படமாட்டேன். டேர் என்பது பாத்திரத்தின் எடையைக் கழிப்பது; கேலிபரேஷன் என்பது கருவி தரும் எண்ணைக் கிலோவோடு பொருத்துவது. எண்ணெய்க் கடையில் தூக்குவாளியை நீட்டினால், கடைக்காரர் முதலில் எடைகட்டுவார். வாளியை ஒரு தட்டிலும் அதற்கு ஈடாகக் கல்லோ சில்லறையோ மறு தட்டிலும் வைத்து, முள் நேரான பிறகே எண்ணெய் ஊற்றுவார். டேர் பொத்தான் செய்வதும் அதையேதான். புழங்கித் தேய்ந்த சொல் கையில் இருக்கும்போது 'சுழியமாக்கல்' எதற்கு?

அளவுத்திருத்தம் வேறு வேலை. பளு உணரியின் மின்குறியை எண்ணாக மாற்றும் எச்எக்ஸ்711 சில்லு தருவது கிலோ அல்ல, வெறும் எண். காலி மேடைக்கு 80,000 வருகிறது, 10 கிலோ எடைக்கல் வைத்ததும் 1,90,000 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு 1,10,000; ஆக, கிலோவுக்கு 11,000. இந்த 11,000ஐக் கண்டுபிடிப்பது அளவுத்திருத்தம். 80,000ஐக் கழிப்பது எடைகட்டுதல்.

இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சிலிண்டரே சாட்சி. மாதிரி நிரல்கள் பலவும் இயங்கத் தொடங்கியதுமே எடைகட்டிவிடுகின்றன. சிலிண்டர் மேலே நிற்கும்போது மின்சாரம் போய் வந்தால், சிலிண்டரையும் சேர்த்துக் கழித்துவிட்டு மேடை பூஜ்யம் காட்டும். படிப்பவர் 'அளவுத்திருத்தம் கெட்டுவிட்டது' என்று எடைக்கல்லைத் தேடி ஓடுவார். கெட்டது அதுவல்ல. காலி மேடையின் எண்ணை அழியா நினைவகத்தில் எழுதி வைத்திருந்தால் போதும். பிறகு சிலிண்டரில் பொறித்திருக்கும் வெற்று எடையைக் கழித்தால் மிச்சம் எரிவாயு. வீட்டுச் சிலிண்டர் நிறைவாக இருந்தால் அது 14.2 கிலோ.

> மூன்று வயர் உணரிக்குத் தனிப்பெயர் வேண்டுமா?

வேண்டும். குளியலறை எடைமேடையில் வரும் 50 கிலோ உணரியில் இருப்பது பாதிச் சுற்றுதான். நான்கைச் சேர்த்தால்தான் முழுச் சமனச்சுற்று அமையும். 'அரைச்சுற்று உணரி' என்று எழுதலாம். வயர் நிறத்தை நம்பி இணைக்கச் சொல்ல வேண்டாம், தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுகிறது. மல்டிமீட்டரை எடுத்து, எந்த இரண்டு வயர்களுக்கிடையே மின்தடை மிக அதிகம் என்று பார்க்கச் சொல்லுங்கள். அவை இரண்டும் ஓரங்கள், விடுபட்டதுதான் நடு வயர். ஓரங்களுக்கிடையே ஏறத்தாழ 2,000 ஓம் என்றால், நடுவிலிருந்து எந்த ஓரத்துக்கும் அதில் பாதி காட்டும்.

இன்னும் ஒரு சொல் பாக்கி. வைத்த கனம் அப்படியே நிற்க, எண் மட்டும் மெல்ல நகர்கிறதே, அந்த க்ரீப். உலோகம் சுமையின்கீழ் தொய்வதால் 'தொய்வு' என்று என் குறிப்பில் எழுதியிருக்கிறேன். வெப்பம் ஏறி இறங்குவதால் வரும் நகர்வுக்கு அது பொருந்தாது. இயந்திரவியல் படித்தவர்கள் இரண்டுக்கும் சொல் தாருங்கள்.