மலையேறும் ஆப்பில் யானை நிற்கும் இடத்தைப் போடலாமா?

மலைக்கிறுக்கன்:
பாதை நிலவரம் பகிரும் ஆப்பில் ஓடையில் எவ்வளவு தண்ணீர், எங்கே மரம் விழுந்து கிடக்கிறது, அட்டைத் தொல்லை உண்டா என்று எல்லாம் போடுகிறோம். யானையை மட்டும் போடக்கூடாது என்று சோலைமந்தி போன வாரம் எழுதியிருந்தார். ஏன்? வெள்ளியங்கிரிக்குப் பிப்ரவரி முதல் மே வரை இரவெல்லாம் ஏறுகிறார்கள். பூண்டி அடிவாரமே யானை நடமாடும் காடு. முன்னால் யானை நிற்பது தெரிந்தால் பின்னால் வருகிறவன் நின்றுவிடுவானே?

சோலைமந்தி:
நிற்பவன் நிற்பான். மற்றவன் வீடியோ எடுக்க ஓடி வருவான். தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்காவில் இப்படித்தான் ஆனது. விலங்கு இருக்கும் இடத்தை உடனே காட்டும் ஆப்களால் வண்டிகள் பறக்கின்றன, நெரிசல் ஆகிறது, விலங்குகள் அடிபடுகின்றன என்று 2016-ல் அந்நாட்டுப் பூங்கா நிர்வாகமே எதிர்ப்புத் தெரிவித்தது. அங்கேயாவது காருக்குள் இருக்கிறார்கள். நம் ஆட்கள் கையில் மூங்கில் தடிதான்.

எஸ்டேட்வாசி:
நான் வால்பாறை. இங்கே யானை எங்கே நிற்கிறது என்று போனுக்குக் குறுஞ்செய்தி வரும். கேபிள் டிவியில் எழுத்து ஓடும். முக்கியமான இடங்களில் சிவப்பு விளக்கு எரியும். இருட்டில் தேயிலைக்கு நடுவே நடந்து வீட்டுக்குப் போகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சமவெளியில் இருந்தால் தெரியாது. தகவலை மூடி வைத்து யாரையும் காப்பாற்றவில்லை சார், சொல்லித்தான் காப்பாற்றினார்கள்.

சோலைமந்தி:
வால்பாறை ஏற்பாட்டை நானும் மதிக்கிறேன். ஆனால் அது அங்கேயே குடியிருப்பவர்களுக்கான தகவல். பின்னால் ஆராய்ச்சிக் குழு இருக்கிறது. ஆப்பில் போட்டால் சென்னையில் இருப்பவனும் பார்ப்பான், தந்தம் தேடுகிறவனும் பார்ப்பான்.

எஸ்டேட்வாசி:
குழு மட்டும் இல்லை. அந்த விளக்கை எரிய வைப்பதே ஊர்க்காரர்கள்தான். பதிவு செய்த போனிலிருந்து அழைத்தால் எரியும்.

சோலைமந்தி:
பதிவு செய்த போன். அதைத்தானே நானும் சொல்கிறேன்!

போடிப்பையன்:
யானை இருக்கட்டும். ஆப்பில் கோடு தெரிந்தாலே பாதை திறந்திருக்கிறது என்று நினைக்கிறார்களே, அதைப் பேசுங்கள். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் 23 பேர் இறந்தார்கள். அவர்கள் போன கொழுக்குமலைப் பாதைக்கு அனுமதியே இல்லை என்று வனத்துறை பிறகு சொன்னது. எவனோ நடந்துபோன தடம் அனுமதிச் சீட்டு ஆகாது. காய்ந்த புல்லில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஏறும். அந்த நேரத்தில் 'பாதை அருமை, ஐந்து நட்சத்திரம்' என்ற பழைய பதிவை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மலைக்கிறுக்கன்:
சரி, பழைய பதிவு ஆபத்து, ஒப்புக்கொள்கிறேன். யானைக் குறி மூன்று மணி நேரத்தில் தானாக மறைந்துவிடட்டும். துல்லியமான இடமும் வேண்டாம். 'மூன்றாவது மலைக்குக் கீழே' என்றால் போதும்.

சோலைமந்தி:
எந்த மூன்று மணி நேரம்? மலையில் சிக்னல் இல்லை. இரவு எட்டு மணிக்குப் பார்த்ததை, இறங்கி வந்து சிக்னல் கிடைத்ததும் விடியற்காலையில் ஏற்றுவான். ஆப் அதை 'இப்போது' என்று காட்டும். யானை பார்த்தால் அடிவாரத்தில் வனத்துறை ஆட்களிடம் சொல்லுங்கள். தேவையென்றால் அவர்கள் ஆட்களை நிறுத்துவார்கள்.

மலைக்கிறுக்கன்:
மேலே இருப்பவன் சிக்னல் இல்லாமல் அடிவாரத்துக்கு எப்படிச் சொல்வான்?

சோலைமந்தி:
ஆப்புக்கு மட்டும் எப்படிச் சொல்வானாம்?