நிர்வாகியாக ஓடவிட்ட ஸ்கிரிப்ட் ஏனைய பாவனையாளர்களின் ரெஜிஸ்ட்ரியை மாற்றவில்லை

காலிவீதி:

வணக்கம். வெள்ளவத்தையிலுள்ள ஒரு கணக்காய்வு அலுவலகத்தின் 22 கணினிகளைப் பராமரித்து வருகிறேன். எல்லாவற்றிலும் விண்டோஸ் 10 ப்ரோ உள்ளது. கணக்குகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் டொமைன் கிடையாது. ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியாக உருவாக்கிய கணக்குகளே இருக்கின்றன. ஒரே கணினியைக் காலையில் ஒருவரும் பிற்பகலில் இன்னொருவரும் பாவிக்கிறார்கள்.

எங்கள் சிக்கல் திகதியில் தொடங்குகிறது. கணினிகள் மாதத்தை முன்னால் எழுதும் அமெரிக்க முறையில் நிறுவப்பட்டவை. ஏப்ரல் 3 என்று எண்ணி எக்செலில் 03/04 என அடித்தால் அது மார்ச் 4 ஆகப் பதிவாகிறது. 13 ஆம் திகதி முதலானவை திகதியாகவே ஏற்கப்படாமல் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி வெறும் எழுத்தாக நிற்பதால் உடனே கண்ணில் படுகின்றன. முதல் 12 நாட்களுக்குரியவைதான் சத்தமில்லாமல் புரண்டுவிடுகின்றன. கடந்த மாதம் ஒரு வாடிக்கையாளரின் நிலுவைப் பட்டியலில் இப்படிப் புரண்ட பதிவுகளைச் சிட்டைகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுத் திருத்த எங்கள் பிள்ளைகள் இருவருக்கு முழுதாக 2 நாட்கள் போயின.

ஆகவே, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் மதிப்புகளை எழுதும் ‘ரெக் ஆட்’ கட்டளைகளைக் கொண்டு ஒரு பேட்ச் கோப்பு, அதாவது கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஸ்கிரிப்ட், எழுதினேன். அது திகதி முறையை நாள், மாதம், ஆண்டு என மாற்ற வேண்டும். கோப்புப் பெயர்களின் இறுதியில் வகையைச் சொல்லும் பின்னொட்டைக் காட்ட வேண்டும். பென் ட்ரைவைத் தடுக்க வேண்டும். என் கணினியில் மூன்றும் வேலை செய்தன. மற்றக் கணினிகளில் பாவனையாளரின் திரையிலேயே வலச்சொடுக்கு செய்து, நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கொடுத்து ஓடவிட்டபோது, மூன்று வரிகளுக்கும் ‘தி ஆப்பரேஷன் கம்ப்ளீட்டட் சக்சஸ்ஃபுலி’ என்றே பதில் வந்தது. ஆனால் பென் ட்ரைவ் மட்டுமே தடைப்பட்டது. திகதியும் பின்னொட்டும் மறுநாளும் பழையபடியே இருந்தன. கட்டளை வெற்றி என்று சொல்லியும் மாற்றம் எங்கே போனது?

நீலத்திரை:

மாற்றம் நடந்திருக்கிறது, ஆனால் நிர்வாகியின் கணக்கில் நடந்திருக்கிறது. அந்தக் கணினிகளில் ஒன்றில் நிர்வாகியாக உள்நுழைந்து பாருங்கள். திகதி நீங்கள் விரும்பியபடி இருக்கும்.

பென் ட்ரைவுக்கான அமைப்பு ரெஜிஸ்ட்ரியின் ‘லோக்கல் மெஷின்’ கிளையில் இருக்கிறது. பென் ட்ரைவை இயக்கும் ‘யுஎஸ்பிஸ்டோர்’ சேவையின் ‘ஸ்டார்ட்’ மதிப்பை 3 இலிருந்து, முடக்கத்தைக் குறிக்கும் 4 ஆக்கினால் அது கணினி முழுவதற்கும் பொருந்தும். திகதியும் பின்னொட்டும் ‘கரண்ட் யூசர்’ கிளையில் இருக்கின்றன. அந்தப் பெயரைப் பார்த்து, திரைக்கு முன் அமர்ந்திருப்பவரையே அது குறிக்கிறது என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். உண்மையில், அந்த நிரல் எந்தக் கணக்கின் பெயரில் ஓடுகிறதோ அந்தக் கணக்கின் அமைப்புகளையே அது சுட்டுகிறது. சாதாரணப் பாவனையாளரின் திரையில் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கொடுத்த கணத்திலிருந்து உங்கள் கோப்பு நிர்வாகியாகவே ஓடுகிறது, ஆகவே நிர்வாகியின் கிளையில் எழுதிவிட்டு வெற்றி என்று உண்மையாகவே சொல்கிறது. உங்கள் சொந்தக் கணினியில் நீங்களே நிர்வாகி என்பதால் இந்த வேறுபாடு சோதனையில் தெரியவில்லை.

குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் டாஸ்க் ஷெடியூலரில், விண்டோஸின் சொந்தக் கணக்கான ‘சிஸ்டம்’ கணக்கின் பெயரில் ஓடவிட்டாலும் இதே கதைதான். அப்போது அந்தச் சிஸ்டம் கணக்கின் திகதி மாறும்.

பனைநிழல்:

மேலே சொன்ன காரணம் சரி. தீர்வு என்னவென்றால், ஒவ்வொரு பாவனையாளரின் அமைப்புகளும் அவருடைய கோப்புறையில் ‘என்டியூசர் டாட்’ என்ற மறைந்த கோப்பாக இருக்கின்றன. அவர் உள்நுழைந்திராத நேரத்தில் ‘ரெக் லோட்’ கட்டளையால் அந்தக் கோப்பை, பாவனையாளர்களின் அமைப்புகள் திறந்திருக்கும் ‘எச்கீ யூசர்ஸ்’ கிளையின் கீழ் ஒரு தற்காலிகப் பெயரில் ஏற்றி, மதிப்பை எழுதி, ‘ரெக் அன்லோட்’ கட்டளையால் இறக்கிவிடலாம். அவர் உள்நுழைந்திருந்தால் கோப்பு பாவனையில் உள்ளது என்று ஏற்ற மறுக்கும். அப்போது அவருடைய கிளை ஏற்கெனவே ‘எச்கீ யூசர்ஸ்’ இன் கீழ் அவருடைய கணக்குக்கு விண்டோஸ் கொடுத்த பாதுகாப்பு அடையாள எண்ணின் பெயரில் திறந்திருக்கும் என்பதால், நேரே அங்கேயே எழுதலாம்.

இனிமேல் உருவாக்கப்போகும் கணக்குகளுக்கும் இது வேண்டுமானால், ‘யூசர்ஸ்’ கோப்புறையில் மறைந்திருக்கும் ‘டிஃபால்ட்’ என்ற கோப்புறையின் என்டியூசர் டாட் கோப்பையும் இதேபோல் ஏற்றி மாற்றுங்கள். புதிய கணக்குகள் அதைப் பார்த்தே வார்க்கப்படுகின்றன. இங்கே ஒரு பொறி இருக்கிறது. எச்கீ யூசர்ஸின் கீழ் முன்னால் புள்ளியிட்ட ‘டிஃபால்ட்’ என்ற ஒரு கிளை தெரியும். பெயரை நம்பி அதில் எழுதாதீர்கள். அது சிஸ்டம் கணக்கினுடையது, புதிய பாவனையாளர்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை. நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் அதில் எழுதிவிட்டு ஒரு வாரம் காரணம் தேடியிருக்கிறேன்.

எதை மாற்றுவதற்கு முன்னரும் அந்தக் கிளையை ‘ரெக் எக்ஸ்போர்ட்’ மூலம் சேமித்து வையுங்கள். ஆனால் சேமித்த கோப்பைத் திரும்ப இறக்குமதி செய்வது பழைய மதிப்புகளை மேலெழுதுமே தவிர, நீங்கள் புதிதாகச் சேர்த்தவற்றை அழிக்காது என்பதையும் மனதில் வைத்திருங்கள்.

முகத்துவாரம்:

பனைநிழல் சொன்ன வழி சரியானதே. ஆனாலும் 22 கணினிகளில், பகலில் ஆட்கள் மாறி மாறி இருக்கும் இடத்தில், ஒவ்வொருவரின் கோப்பையும் ஏற்றி இறக்குவதை நான் கடைசி வழியாகவே வைத்திருப்பேன். ஸ்கிரிப்டை இரண்டாகப் பிரியுங்கள். லோக்கல் மெஷினுக்குரியதை நிர்வாகியாக ஒருமுறை ஓட்டுங்கள். கரண்ட் யூசருக்குரிய இரண்டு வரிகளையும் தனிக் கோப்பாக்கி, கணினியின் விதிகளை அமைக்கும் லோக்கல் குரூப் பாலிசியில் பாவனையாளர் பகுதியிலுள்ள, உள்நுழையும்போது தானாக ஓடும் ‘லாகான் ஸ்கிரிப்ட்’ ஆகச் சேர்த்துவிடுங்கள். ப்ரோ பதிப்பில் அந்த வசதி உண்டு. அது உள்நுழைபவரின் பெயரிலேயே, அவருடைய சாதாரண உரிமையோடு ஓடும். இந்த இரண்டு மதிப்புகளையும் எழுத அந்த உரிமை போதும். புதிதாக வருபவருக்கும் அதுவே பொருந்தும்.

கட்டளையின் இறுதியில் ‘எஃப்’ சுவிட்சை மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால், மதிப்பு ஏற்கெனவே இருக்கும்போது மேலெழுதவா என்று கேட்டுக்கொண்டு ஸ்கிரிப்ட் அப்படியே நின்றுவிடும். திகதி முறையில் மாதத்தைக் குறிக்கும் எம் எழுத்து இரண்டும் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். எழுதிய பின் ‘ரெக் குவெரி’ கட்டளையால் அதே மதிப்பைத் திரும்ப வாசித்து, கணினியின் பெயரோடும் பாவனையாளரின் பெயரோடும் ஒரு பதிவுக் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். வெற்றி என்ற வரி எங்கே எழுதப்பட்டது என்பதைச் சொல்லாது. பதிவிலுள்ள பாவனையாளர் பெயர் சொல்லிவிடும். இதை நீங்கள் முதல் நாளே செய்திருந்தால் 22 வரிகளிலும் நிர்வாகியின் பெயரைப் பார்த்திருப்பீர்கள்.

பென் ட்ரைவ் பற்றியும் ஒரு வார்த்தை. இதுவரை பென் ட்ரைவே செருகப்படாத கணினியில், முதன்முறை செருகும்போது விண்டோஸ் அந்தச் சேவையை நிறுவி மதிப்பை மீண்டும் 3 ஆக்கிவிடக்கூடும். அதே குரூப் பாலிசியில் கணினிப் பகுதியின் கீழ், அகற்றக்கூடிய சேமிப்பகங்களுக்கான அணுகலை முழுதாக மறுக்கும் கொள்கை இருக்கிறது. வாடிக்கையாளர்களின் கணக்குகள் இருக்கும் இடத்தில் அதையே நம்புங்கள்.

காலிவீதி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நிர்வாகியாக உள்நுழைந்து பார்த்தேன். நீலத்திரை சொன்னபடி நாள் முன்னால் வந்து நிற்கிறது. முகத்துவாரம் சொன்னவாறு இரண்டாகப் பிரித்து நேற்று மாலை 5 கணினிகளில் வைத்தேன், இன்று காலை பதிவுக் கோப்பில் 9 பேரின் பெயர்களும் சரியான மதிப்போடு இருந்தன. ஏற்கெனவே திறந்திருந்த எக்செல் மட்டும் மூடித் திறக்கும்வரை பழைய முறையிலேயே இருந்தது.

டிஃபால்ட் கோப்பை ஒரு கணினியில் ஏற்றி மாற்றினேன். இறக்கும்போது ‘ஆக்சஸ் இஸ் டினைட்’ என்று வருகிறது. நிர்வாகியாகத்தான் ஓட்டுகிறேன்.

பனைநிழல்:

மாற்றம் விழுந்ததா என்று பார்க்க ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் அந்தக் கிளையைத் திறந்து வைத்திருக்கிறீர்களா? யாரேனும் அதைப் பிடித்திருக்கும்வரை இறங்காது. எடிட்டரை மூடிவிட்டுத் திரும்ப இறக்குங்கள். பவர்ஷெல் என்ற கட்டளைச் சாளரத்தின் வழியாக எழுதியிருந்தால் அந்தச் சாளரத்தையும் மூடிவிட்டு, புதிதாக ஒன்றைத் திறந்து இறக்குங்கள்.

காலிவீதி:

எடிட்டர்தான். பணிப்பட்டையில் சுருங்கிக் கிடந்தது. மூடியதும் இறங்கிவிட்டது. மீதி 17 கணினிகளைச் சனிக்கிழமை அலுவலகம் மூடிய பின் செய்யப்போகிறேன்.