இலவசப் பட்டப்படிப்பின் செலவை யார் சுமக்கிறார்கள்?

கேள்வி (ஹட்டன்):
வணக்கம். தோட்டப் பாடசாலையொன்றில் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் கற்பிக்கிறேன். 1945 முதல் நம் நாட்டில் நடைமுறையிலுள்ள இலவசக் கல்வியைப் பற்றிப் பேசியபோது, "இங்கிலாந்தில் மட்டும் ஏன் கடன் வாங்கிப் படிக்கிறார்கள், சேர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். பிற நாடுகளில் இச்செலவு எவ்வாறு ஈடுசெய்யப்படுகிறது என்பதை அறிந்தவர்கள் விளக்குவீர்களா?

பதில் 1 (பதுளையைச் சேர்ந்தவர், தற்போது லண்டனில்):
ஐயா, இங்கும் முன்பு உள்நாட்டு மாணவர்களிடம் கட்டணம் வாங்கவில்லை. 1998இல் ஆண்டுக்கு 1,000 பவுணுக்கு மேற்படாமல் தொடங்கிய கட்டணம், 2006இல் 3,000 ஆகி, 2012இல் 9,000 வரை உயர்ந்தது. எனினும் மாணவர் கையிலிருந்து காசு கொடுப்பதில்லை. அரசின் கடனே நேராகப் பல்கலைக்கழகத்துக்குச் செல்கிறது. பட்டம் பெற்றவரின் வருமானம் குறித்த வரம்பைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 9 சதவீதம் பிடிக்கப்படும். தாண்டாவிட்டால் ஒன்றும் பிடிப்பதில்லை. அவுஸ்திரேலியா 1974இல் கட்டணத்தை நீக்கிவிட்டு, 1989இல் ஏறத்தாழ இதே முறையில் மீண்டும் கொண்டுவந்தது. உழைப்பவர் திருப்பிக் கட்டுவது நியாயம் என்றே எனக்குப் படுகிறது.

பதில் 2 (கண்டி):
ஜேர்மனியின் கதை வேறு. 2006 முதல் சில மாநிலங்கள் கட்டணம் அறவிட்டுப் பார்த்தன. எதிர்ப்பு வலுத்ததால் ஒவ்வொன்றாகக் கைவிட்டன, 2014இல் கடைசி மாநிலமும் விட்டது. ஆனால் முகவர்கள் சொல்லும் "ஜேர்மனியில் எல்லாம் இலவசம்" என்பதை மாணவர்கள் அப்படியே நம்பிவிடக் கூடாது: வாழ்க்கைச் செலவு தனி, பாடன் வூர்ட்டம்பேர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வருவோரிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்குகிறது.

பதில் 3 (பண்டாரவளை):
லண்டன் அண்ணன் சொல்லும் நியாயம் கணக்கில் சரிவரலாம். ஆனால் 1921இல் ஒழிக்கப்படும்வரை, பட்ட கடனைத் "துண்டு" என்ற சீட்டில் எழுதி, அக்கடனோடு தொழிலாளரைத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிய மலைநாட்டில், கடன் என்ற சொல்லுக்கே பிள்ளைகள் பின்வாங்குவார்கள். மேலும், இங்கே பல்கலைக்கழகங்களுக்குத் திறைசேரி தரும் பணத்தில் கொழுந்து பறிக்கும் தாய் சவர்க்காரத்துக்குக் கொடுக்கும் விலையிலுள்ள வரியும் அடங்கும். பல்கலைக்கழக இடங்களோ மட்டுப்பட்டவை: 40 சதவீதம் திறமை அடிப்படையில், 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீட்டில், 5 சதவீதம் நுவரெலியா, பதுளை போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்கு. வெட்டுப்புள்ளியை எட்டாத பிள்ளையின் தாயும் அதே வரியைத்தான் கட்டுகிறாள்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. அடுத்த பாடத்துக்குக் கடைப் பற்றுச்சீட்டு ஒன்றைக் கொண்டுவரும்படி மாணவர்களிடம் சொல்லியிருக்கிறேன். பொருளின் விலையோடு சேரும் 18 சதவீத வற் (பெறுமதி சேர்) வரியிலிருந்தே தொடங்கலாம் என்று நினைக்கிறேன்.