பூப் பறிக்க தலையில மாட்டுற சார்ஜ் லைட் – ஆயிரம் ரூபாய்க்குள்ள எது நல்லா உழைக்கும்?

சத்திமல்லி

வணக்கமுங்க. சத்தியமங்கலம் பக்கம் எங்களுக்கு கொஞ்சம் மல்லித் தோட்டம் இருக்குதுங்க. சீசன்ல ராத்திரி மூணு மணிக்கே தோட்டத்துல எறங்கிருவோம், வெயில் ஏறுறதுக்குள்ள பறிச்சு மார்க்கெட்ல போட்டாத்தான் வெலை கிடைக்கும். பறிக்கறது அம்மா, சித்தி, நான். ரெண்டு கையும் மொக்குலயேதான் இருக்கும், மடி கட்டிட்டு குனிஞ்சபடியே நாலு மணி நேரம் போகும், அதனால கைல டார்ச் புடிக்கற பேச்சே இல்லைங்க.

முன்னாடி சந்தையில விக்கற பெரிய ஹெட்லைட் வெச்சிருந்தோம், அந்த ஆசிட் பேட்டரி போட்டது. ஒரு சீசன் நல்லா எரிஞ்சுது, மழைக்காலத்துல வேலை இல்லாம சும்மா வெச்சிருந்து மறுபடி எடுத்தா அரை மணி நேரத்துல மங்கிப்போகுது. அப்புறம் ஆன்லைன்ல ஒண்ணு வாங்குனோம், அதுல சார்ஜ் போடற பின்னு ஆட்டம் கண்டுருச்சு, பேட்டரியும் உள்ளயே ஒட்டியிருக்கறதால ஒண்ணும் பண்ண முடியல. இன்னொரு தொந்தரவு, லைட்டு ரொம்ப வெள்ளையா அடிக்குது, மொக்கு பூராவும் ஒரே பளீர்னு தெரியுது, பறிக்கற பதத்துல இருக்கறது எது, இன்னும் பச்சை ஓடுற பிஞ்சு எதுன்னு அம்மாவுக்கு பிரிச்சு பாக்க முடியல, கண்ணாடி வேற போடுறாங்க. பூச்சி மொகத்துலயே வந்து மோதுது. ஒரு லைட்டுக்கு ஆயிரம் ரூபா வரைக்கும் போட முடியும், மூணு வேணும். எதைப் பாத்து வாங்கணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க, கடையில கேட்டா எல்லாரும் லூமன் லூமன்னு மட்டும் சொல்றாங்க.

வெளிச்சம்_கோவை

வணக்கமுங்க, நான் எல்இடி லைட்டு, பேட்டரி எல்லாம் சர்வீஸ் பண்ற ஆளு. மொதல்ல அந்த லூமன் நம்பரை, அதாவது மொத்தமா எவ்வளவு வெளிச்சம் வருதுங்கற அளவை, ஓரமா வெச்சிருங்க. அட்டைப்பெட்டி மேல ஒரு லட்சம் லூமன்னு போட்டு விக்கறாங்க பாருங்க, அது நடக்கவே நடக்காது. தலையில மாட்டுற லைட்டுல ஒரு வாட் கரண்டுக்கு சுமாரா 100 லூமன்னு கணக்கு வெச்சுக்கலாம், அப்ப ஒரு லட்சம் லூமனுக்கு ஆயிரம் வாட் வேணும், அது இஸ்திரிப் பெட்டி இழுக்கற கரண்டு, அதை ஒரு விரல் நீள பேட்டரி எங்க இருந்து குடுக்கும்?

உங்களுக்கு மொகத்துல இருந்து ஒன்றரை அடி ரெண்டு அடி தூரத்துல இருக்கற மொக்கு தெரியணும், அவ்வளவுதானே. அதுக்கு 50 லூமன்ல இருந்து 100 லூமன் தாராளம். அதுக்கு மேல வெச்சா நீங்க சொன்ன மாதிரியே வெள்ளை மொக்கு பளீர்னு அடிச்சு கண்ணு கூசும், அம்மாவுக்கு வித்தியாசம் தெரியாததுக்கு பாதி காரணம் அதுதான். மீதிப் பாதி அந்த நீலம் கலந்த வெள்ளை. பெட்டில கே (கெல்வின்)னு வெளிச்சத்தோட நிறத்துக்கு ஒரு நம்பர் இருக்கும், 6500 கே, கூல் ஒயிட்னு போட்டிருந்தா வேண்டாம், 4000ல இருந்து 5000 கே வரைக்கும் இருக்கற நியூட்ரல் ஒயிட் கேளுங்க. சிஆர்ஐ, அதாவது நிறத்தை உள்ளபடி காட்டற அளவு, 90க்கு மேலன்னு போட்டிருந்தா இன்னும் நல்லது, இலைப் பச்சையும் மொக்குல ஓடுற வெளிர் பச்சையும் தனித்தனியா தெரியும். பூச்சியும் நீலம் கொறைஞ்ச வெளிச்சத்துக்கு கம்மியாத்தான் வரும். சில பேரு ரெட் லைட் வெச்சு பறிங்கன்னு சொல்லுவாங்க, பூச்சி வராதுங்கறது சரிதான் ஆனா அதுல நிறமே போயிரும், பிஞ்சு எது பக்குவம் எதுன்னு பாத்து பறிக்கற வேலைக்கு அது ஆகாது.

அடுத்தது பேட்டரி, வெளிய கழட்டி மாத்தற மாதிரி 18650ங்கற லித்தியம் செல் போட்ட லைட்டா பாருங்க. 18 மில்லிமீட்டர் கனம், 65 மில்லிமீட்டர் நீளம்ங்கறதுதான் அந்த பேரு. எம்ஏஎச்ங்கறது செல்லு எவ்வளவு சார்ஜ் புடிக்கும்ங்கற அளவு, நல்ல செல்லு 2500ல இருந்து 3500 எம்ஏஎச் வரைக்கும் இருக்கும். 9900 எம்ஏஎச்னு எழுதியிருந்தா அது டூப்ளிகேட், யோசிக்கவே வேண்டாம், அந்த சைஸ்ல அவ்வளவு புடிக்கற செல்லே கிடையாது. சந்தேகமா இருந்தா அடுப்படி தராசுல வெச்சு பாருங்க, நல்ல செல்லு 45 கிராம் பக்கத்துல நிக்கும், போலி ரொம்ப லேசா இருக்கும்.

கணக்கு போட்டு பாருங்க, 3000 எம்ஏஎச் செல்லுல சுமாரா 11 வாட் அவர் இருக்குது, 100 லூமனுக்கு ஒரு வாட் போனா பத்து மணி நேரம் கிட்ட வரும். உங்க நாலு மணி நேரத்துக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் சார்ஜ் போட்டா கூட போதும். அதே இது உள்ளயே ஒட்டின 1200 எம்ஏஎச் பேட்டரின்னா புதுசுல நாலு மணி நேரம் இழுத்துப் புடிச்சு வரும், ஒரு வருசம் போனா மூணு மணி நேரத்துல கைவிட்டுரும், அன்னைக்கு பாதிச் செடியில நிக்கணும். பெட்டில 40 மணி நேரம்னு போட்டிருக்கறதை நம்பி வாங்காதீங்க, கம்பெனிக்காரங்க பின்பற்றற எஃப்எல் 1 அளவுப்படி வெளிச்சம் ஆரம்பத்துல இருந்ததுல பத்துல ஒரு பங்கா கொறையற வரைக்கும் கணக்குல சேர்த்துக்குவாங்க, அந்த கடைசி வெளிச்சத்துல மொக்கு எங்க தெரியும்?

குலசேகரம்_ரப்பர்

நான் கன்னியாகுமரி மாவட்டம், ரப்பர் பால்வெட்டு தொழிலு. எங்களுக்கும் விடியறதுக்கு முன்னாடிதான் வேலை, வெயிலு வந்தா பால் ஓட்டம் கொறைஞ்சுரும், அதனால தலையில லைட்டு இல்லாத பால்வெட்டுக்காரன் எங்க பக்கம் கிடையாது. வெள்ளையா பால் வடியற எடத்துல லைட்டை கூட்டி வெச்சா வெட்டுன ஆழமே தெரியாது, பட்டையை தாண்டி கத்தி போயிரும், மரம் கேடாயிரும். அதனால கோவைக்காரரு சொன்னது ரொம்ப சரி, கொறைச்சு வெச்சுத்தான் வேலை செய்யணும். வாங்கும்போ கொறைஞ்ச மோடு உண்டுமான்னு கேளுங்க, சிலதுல லோ வெச்சாலே 300 லூமன் அடிக்கும், அது எங்களுக்கும் ஆகாது உங்களுக்கும் ஆகாது. சுவிட்சை அமுக்குனதும் எந்த மோடுல எரியுதுன்னும் பாருங்க. போன தடவை விட்ட மோடுலயே எரியற லைட்டுதான் வேலைக்காரனுக்கு நல்லது. ஒவ்வொரு தடவையும் ஹை, லோ, மினுக்கு மினுக்குன்னு சுத்தி வரது பெரிய உபத்திரவம்.

எங்க பக்கம் பழைய ஆளுங்க இப்பவும் பேட்டரியை இடுப்புல கட்டி வயர் தலைக்கு வர மாதிரிதான் போடுவாங்க, தலையில கனம் கிடையாது, கழுத்து வலிக்காது. ஆனா உங்களுக்கு இடுப்புல பூ மடி இருக்கும், செடிக்குள்ள குனிஞ்சு போகும்போ வயர் கிளையில மாட்டும், அதனால அது வேண்டாம்னுதான் சொல்லுவேன். தலையில நிக்கற மொத்த கனமும் செல்லோட சேர்த்து 120 கிராமுக்குள்ள இருந்தா நாலு மணி நேரம் தெரியாது. உங்களுக்கு குனிஞ்ச வேலை, முன்பக்கம் கனமா இருந்தா மொகத்துல வந்து விழும், அதனால உச்சந்தலை வழியா இன்னொரு பட்டை வர மாதிரி பாருங்க. லைட்டு கீழ்நோக்கி சாயணும், சாய்ச்ச எடத்துல நிக்கணும், அதுல சல்லுன்னு தளர்வா இருந்தா ஒவ்வொரு செடிக்கும் கை தூக்கி சரி பண்ணிக்கிட்டே இருக்கணும்.

இன்னொண்ணு முக்கியமா சொல்லணும். தோட்டத்துக்கு நடந்து போகும்போ தலை லைட்டை மட்டும் நம்பாதீங்க. கண்ணு இருக்கற எடத்துல இருந்தே வெளிச்சமும் போறதால நிழலு விழுறது நமக்கு தெரியாது, வரப்பு, குழி, காஞ்ச சருகு எல்லாம் ஒரே தட்டையா தெரியும், சருகு மேல சுருண்டு கிடக்கற கண்ணாடி விரியனும் அப்படித்தான் சருகோட சருகா தெரியாம போகும். நடக்கும்போ ஒரு சின்ன டார்ச்சை இடுப்புக்கு கீழ தாழ்த்தி பிடிங்க, நிழலு நீளமா விழும், மேடு பள்ளம், பாம்பு எல்லாம் எழும்பி தெரியும். எங்க எஸ்டேட்ல சின்ன பசங்களுக்கு முதல்ல இதத்தான் சொல்லிக் குடுப்போம். வழியில பச்சைப் புள்ளியா மின்னுனா பயப்படாதீங்க, அது சிலந்தி கண்ணு, தலை லைட்டுக்குத்தான் அது நல்லா தெரியும்.

மணி_சேலம்

கழட்டற 18650 வாங்குங்கன்னு எல்லாரும் ஈஸியா சொல்றீங்க, எனக்கு அதுல ஒத்துப்போக முடியல. அந்த செல்லை தெரியாத ஆளு கைல குடுக்கறது எனக்கு சரியா படல. சாவி, சில்லறை கூட மடியிலயோ பையிலயோ போட்டா ஷார்ட் ஆகி தீயே புடிக்கும், சுத்தியிருக்கற பிளாஸ்டிக் தோல் கிழிஞ்சாலும் அதே ஆபத்துதான், தலைகீழா போட்டா சில லைட்டு செத்துரும். வயசானவங்க இருக்கற வீட்டுக்கு செல்லை தொடவே வேண்டாத, வயரை சொருகி எடுக்கற லைட்டுதான் நல்லதுன்னு நான் நினைக்கறேன். இப்ப நெத்தியில பட்டையா எரியற சிஓபி லைட்டு வருது பாருங்க, ஐநூறு ரூபாய்க்குள்ள கிடைக்குது, ரொம்ப லேசு, வெளிச்சம் அகலமா பரவும், கிட்ட வேலைக்கு அருமையா இருக்கு. எங்க கடையில சாமான் அடுக்க அதைத்தான் வெச்சிருக்கோம்.

வெளிச்சம்_கோவை

மணி அண்ணா சொல்ற ஆபத்து உண்மைதாங்க, அதை நான் மொதல்லயே சேர்த்து சொல்லியிருக்கணும். வெளிய எடுத்த செல்லுக்கு பத்து இருபது ரூபா பிளாஸ்டிக் டப்பா கிடைக்கும், அதுலதான் போடணும். வாங்கும்போது ப்ரொடெக்டட்னு போட்ட செல்லா வாங்குங்க, ஷார்ட் ஆனா கரண்டை நிறுத்தற சின்ன சர்க்யூட் கூடவே இருக்கும், அதனால சில மில்லிமீட்டர் நீளம் கூட இருக்கும், உங்க லைட்டுல அது அடங்குமான்னு கேட்டுட்டு வாங்குங்க. தோல் கிழிஞ்ச செல்லை அன்னைக்கே ஒதுக்கிருங்க. ஆனா ஒண்ணு, லைட்டுலயே டைப் சி பின்னும் இருக்கு, செல்லையும் கழட்டலாம்ங்கற மாடல் இப்ப நிறைய இருக்குது. தினமும் அம்மா வயரை மட்டும் சொருகட்டும், ரெண்டு வருசம் கழிச்சு செல்லு ஓஞ்சா நீங்க மட்டும் தொறந்து புதுசு போடுங்க. செல்லு மாத்த முடியற லைட்டுதான் அஞ்சு வருசம் உழைக்கும், சத்திமல்லி பட்ட கஷ்டமே அதுதானே.

சிஓபி பட்டை கிட்ட வேலைக்கு நல்லா இருக்கும்ங்கறது சரி, ஆனா அகலமா அடிக்கறதால எதிர்ச்சால்ல பறிக்கறவங்க கண்ணுலயும் அடிக்கும். அதுல பலதுல கை ஆட்டுனா எரியற சென்சார் இருக்குது, தோட்டத்துல அந்த சென்சாரை ஆஃப் பண்ணாம விட்டா கிளை முன்னாடி ஆடும்போதெல்லாம் அணையும் எரியும். இழுத்து ஃபோகஸ் பண்ற ஜூம் லைட்டும் வேண்டாம், முன்னாடி பின்னாடி இழுக்கற எடத்துல பனி ஈரம் உள்ள போகும், நடுவுல சதுரமா ஒரு வெளிச்சம் விழுந்து சுத்தி இருட்டா இருக்கும். பெட்டில ஐபிஎக்ஸ் 4 இருந்தா தூத்தல், பனிக்கு தாங்கும், அது போதும். பெட்சில், நைட்கோர் எல்லாம் நல்ல கம்பெனிங்க, ஆனா சார்ஜ் லைட்டுன்னா உங்க பட்ஜெட்டை தாண்டிரும்.  கோயமுத்தூர் வந்தா டெக்கத்லான்ல தலையில மாட்டிப் பாத்தே வாங்கலாம், அங்க குனிஞ்சு நிமிந்து பாருங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

சத்திமல்லி

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். ரப்பர் அண்ணா சொன்ன நிழலு விசயம் எங்களுக்கு ரொம்ப வேண்டியது, சித்தி எப்பவும் வரப்புல முன்னாடி போறவங்க, நாளைல இருந்தே கை டார்ச் குடுத்துடறேன். மூணையும் ஒண்ணா வாங்காம நியூட்ரல் ஒயிட்ல டைப் சியும் கழட்டற செல்லும் இருக்கற மாதிரி மொதல்ல ஒண்ணு வாங்கி அம்மா தலையில மாட்டிப் பாக்கறேன், அவங்களுக்கு சரின்னாத்தான் மீதி. அம்மா துண்டு கட்டி அதுக்கு மேல மாட்டுவாங்க, கொண்டை வேற, பட்டை வழுக்கிட்டே இருக்குது, அதுக்கு ஏதாவது வழி இருக்குதுங்களா? இன்னொரு சந்தேகம், வீட்டுல போனுக்கு இருக்கற ஃபாஸ்ட் சார்ஜரை போட்டா லைட்டு கெட்டுப்போயிருமா? டைப் சி டு டைப் சி வயர்ல பழைய லைட்டு சார்ஜே ஏறல, அது எதனாலன்னும் புரியல.

குலசேகரம்_ரப்பர்

பட்டையோட உள்பக்கம் சிலிக்கோன் (ரப்பர் மாதிரி) கோடு ஓடுற மாதிரி வருது, அது துணி மேல வழுக்காது. கிடைக்கலன்னா பட்டையில ரெண்டு எடத்துல துண்டோட சேர்த்து சேஃப்டி பின் குத்துங்க. கொண்டைக்கு மேல பின்பட்டையை ஏத்தாம கொண்டைக்கு கீழ, பிடரிக்கு மேல நிக்க வையுங்க, எங்க பெண்ணாட்கள் அப்படித்தான் போடுதாங்க. பட்டை வேர்வையில ஊறி நாறும், வாரம் ஒரு தடவை கழட்டி சோப்பு போட்டு அலசிருங்க, எலாஸ்டிக்கும் நாள் நிக்கும்.

வெளிச்சம்_கோவை

ஃபாஸ்ட் சார்ஜரால கெட்டுப்போகாதுங்க. போனும் சார்ஜரும் ஒண்ணுக்கொண்ணு பேசி ஒத்துக்கிட்டாத்தான் வோல்டேஜ் ஏறும், லைட்டு பேசாது, அதனால 5 வோல்ட்தான் வரும், லைட்டு அதுக்கு வேண்டிய கரண்டை மட்டும் இழுத்துக்கும். வெலை கொறைஞ்ச லைட்டுல டைப் சி பின்னுக்கு பக்கத்துல இருக்க வேண்டிய ரெண்டு சின்ன ரெசிஸ்டரை போடாம விட்டுருவாங்க, அது இல்லைன்னா ரெண்டு பக்கமும் டைப் சி இருக்கற வயர்ல சார்ஜர் கரண்டே விடாது. ஒரு பக்கம் பழைய அகலமான யூஎஸ்பி, இன்னொரு பக்கம் டைப் சி இருக்கற வயர் போடுங்க, ஏறிரும். பனியில நனைஞ்சு வந்ததும் நேரா சொருகாதீங்க, ரப்பர் மூடியை தொறந்து துணியால ஒத்தி எடுத்துட்டு, பூ மார்க்கெட் போய்ட்டு வந்தப்புறம் சார்ஜ் போடுங்க, அந்த ஈரத்துலதான் பின்னு துரு ஏறி ஆட்டம் காணுது. சீசன் முடிஞ்சு எடுத்து வெக்கும்போது முழுசா எறக்கியும் வெக்காதீங்க, முழுசா ஏத்தியும் வெக்காதீங்க, பாதி சார்ஜ்ல செல்லை கழட்டி டப்பாவுல போட்டு வெயில் படாத எடத்துல வையுங்க, ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை எடுத்து பாத்துக்கிட்டா போதும்.