ரெஃப்ரி ‘சிக்ஸ் அகெய்ன்’ எதற்குக் கொடுத்தார் என்று யாருக்காவது புரிகிறதா?

வென்டி அப்பா:
சிட்னியில் இருக்கிறேன். பையன் ரக்பி லீக் ஆடப் போனதால், கிரிக்கெட் மட்டுமே தெரிந்த நானும் சனிக்கிழமை காலையில் கோட்டோரம் நிற்கப் பழகினேன். போன வருடம் ரெஃப்ரிக்கு ஆள் இல்லை என்று கிளப்பில் கேட்டார்கள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கை தூக்கிவிட்டேன்.

டேக்கிளில், அதாவது பந்து வைத்திருப்பவனைப் பிடித்து வீழ்த்தும்போது, மூன்று பேர் மேலே விழுகிறார்கள். அடியில் இருப்பவன் எழுந்து, பந்தைத் தரையில் வைத்துக் காலால் பின்னே உருட்ட வேண்டும். மேலே கிடப்பவனோ எழப் பார்ப்பதுபோல் முழங்கையை அவன் நெஞ்சிலேயே ஊன்றுகிறான். நடிப்பா, நிஜமாகவே சிக்கிக்கொண்டானா? அதே நொடியில் தடுப்பு வரிசை பின்வாங்கியதா என்றும் பார்க்கணும். இருப்பது இரண்டு கண்.

இங்கே பெரிய ரக்பி லீக் போட்டியான என்ஆர்எல்-இல் 2009 முதல் இரண்டு ரெஃப்ரி இருந்தார்கள். 2020-இல் ஒருவராக்கிவிட்டார்கள். அதே வருடம்தான் ரக் தவறுக்கு, அதாவது விழுந்தவனை எழவிடாமல் அமுக்குவது போன்றதற்கு, பெனால்டி போய் ‘சிக்ஸ் அகெய்ன்’ வந்தது: ஆறு டேக்கிள் ஆனால் பந்து கைமாறும் அல்லவா, அந்த எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து. ஆட்டம் நிற்பதில்லை, சரி. யார் என்ன தப்பு செய்தான் என்பதும் தெரிவதில்லையே! இரண்டாவது ரெஃப்ரியைத் திரும்பக் கொண்டுவந்தால் சரியாகுமா?

பழைய விங்கர்:
2019 இறுதிப் போட்டியை மறந்துவிட்டீர்களா? ரூஸ்டர்ஸும் கான்பெராவும் 8-8. கடைசிப் பத்து நிமிடம். கான்பெராவுக்கு ரெஃப்ரி ‘சிக்ஸ் அகெய்ன்’ என்று கையை ஆட்டிவிட்டு, உடனே மாற்றினார். கையை நம்பிய கான்பெரா வீரர் வைட்டன், அது கடைசி டேக்கிள் என்று தெரியாமல் பந்தோடு போய் விழுந்தார். பந்து கைமாறி, ஆட்டம் ரூஸ்டர்ஸுக்கு 14-8 என்று முடிந்தது. மாற்றிய தீர்ப்பு சரிதான், முதலில் ஆட்டிய கைதான் தப்பு. அன்று மைதானத்தில் ரெஃப்ரி இரண்டு பேர்!

ஈல்ஸ் அக்கா:
தலையை எண்ணிப் பயனில்லை தம்பி. ரெஃப்ரி தீர்ப்பை எதிர்த்துக் கேட்கும் கேப்டன் சேலஞ்ச், ஆட்டம் நின்றால்தான் செல்லும். சிக்ஸ் அகெய்னில் ஆட்டம் நிற்காது, அதனால் கேள்வியே கேட்க முடியாது. இன்னொன்று, முதல் டேக்கிளிலேயே வேண்டுமென்று அமுக்கினால் நஷ்டம் ஒரே ஒரு டேக்கிள். வரிசையை நிதானமாக அமைத்துக்கொள்ளலாம். கோச்சுகள் இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நாள் ஆகும்? அதனால்தான் 2022-இல், பந்து வைத்திருக்கும் அணி தன் 40 மீட்டருக்குள் இருந்தால் பழையபடி பெனால்டி என்று மாற்றினார்கள். நான் கேட்பது சின்ன விஷயம்: கையை ஆட்டும்போதே தப்பு செய்தவன் நம்பரையும் தப்பையும் மைக்கில் சொல்லட்டும். ‘பத்து, கை எடுக்கலை.’ இரண்டு நொடி.

வென்டி அப்பா:
அக்கா, போன சனிக்கிழமை செய்து பார்த்தேன். விசிலுக்கு முன்னால் “எட்டு, எழு!” என்று கத்தினேன். எட்டு துள்ளி எழுந்தான். விசிலே தேவைப்படவில்லை. கோட்டோரக் கூச்சலும் பாதியாகக் குறைந்தது.

இந்த வாரம் மழை. முதுகெல்லாம் ஒரே சேறு. எட்டா மூன்றா என்று குனிந்து பார்ப்பதற்குள் பந்து அந்தக் கோடிக்குப் போய்விட்டது.