தங்கூஸ் (தூண்டில் நரம்பு) முறுக்கிக்கொள்கிறது: தப்பு ரீலிலா, என் கையிலா?

ஏரிக்கரை:
கொடைக்கானல் ஏரியில் சீட்டு வாங்கி, ஞாயிறுதோறும் கெண்டைக்கு உட்காருகிறவன் நான். மூன்று மாதம் முன்பு 2500 அளவு ஸ்பின்னிங் ரீல் ஒன்று வாங்கினேன். டப்பாவில் 10 பேரிங், 5.2:1 கியர் (கைப்பிடி ஒரு சுற்றுக்கு நரம்பு 5.2 சுற்று ஏறும்), டிராக் (மீன் இழுத்தால் நரம்பை வழுக்கி விட்டுக்கொடுக்கும் பிரேக்) 6 கிலோ என்று போட்டிருந்தது. கடையில் கைப்பிடியைத் தட்டிவிட்டால் தானாக நாலு சுற்று ஓடியது, அதில் மயங்கிவிட்டேன். இப்போது 6 பவுண்டு தாங்கும் தங்கூஸ் வீசும்போதெல்லாம் சுருள் சுருளாகத் துள்ளி விழுகிறது. போன வாரம் பெரிய கண்ணாடிக் கெண்டை ஒன்று, கரைக்குப் பத்தடி இருக்கும்போது டிராக் வெட்டி வெட்டி இழுத்து நரம்பு அறுந்தது. ரீலை மாற்றிவிடலாமா?

பழைய ஃபிட்டர்:
தம்பி, பாரம் இல்லாமல் சுற்றினால் எந்த ரீலும் நன்றாகத்தான் ஓடும். நான் நூற்பாலையில் 31 வருஷம் ஃபிட்டர், இப்போது மன்னவனூர் பக்கம். ரீலைப் பார்த்தால் எனக்கு ஆலையில் கூம்பில் நூல் சுற்றும் கோன் வைண்டிங்தான் ஞாபகம் வரும். அங்கே பாபின் (நூல் கண்டு) அசையாமல் நிற்கும், நூல் அதன் தலைவழியே உருவிக்கொண்டு ஓடும். வீசும்போது உன் ரீலில் நரம்பு சுற்றிய ஸ்பூலும் அப்படித்தான். 1905-ல் இந்த மாதிரி ரீலுக்குக் காப்புரிமை வாங்கிய இல்லிங்வொர்த்தும் இங்கிலாந்து ஜவுளிக்காரர்தான்.

தலைவழி உருவும் நூலில் சுற்றுக்கு ஒரு முறுக்கு ஏறும். வீசும்போது ஏறுவதும் திரும்பச் சுற்றும்போது ஏறுவதும் எதிரெதிர் என்பதால் கழிந்துவிடும். கணக்கு கெடுவது மீன் இழுக்கும்போதுதான். டிராக் கறகறவென்று விட்டுக்கொடுக்கிறது, நீயோ பதற்றத்தில் சுற்றிக்கொண்டே இருக்கிறாய். நரம்பு ஒரு அங்குலம்கூட உள்ளே வராது, ஆனால் கைப்பிடியின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஐந்து முறுக்குக்கு மேல் ஏறும். இருபது சுற்றுக்கு நூறு ஆச்சா? இது உன் கை.

டிராக் வெட்டியது வேறு விஷயம். நரம்பின் நுனியைக் கொக்கித் தராசில் கட்டி மெதுவாக இழு. 6 பவுண்டு என்பது சுமார் 2.7 கிலோ. அதில் மூன்றில் ஒரு பங்கு, 900 கிராமில் ஸ்பூல் வழுக்க வேண்டும். தராசு முள் அங்கேயே நின்றால் நல்ல டிராக். ஒன்றரை கிலோவுக்குத் தாவி, விழுந்து, மறுபடி தாவினால் டிராக்கின் உள்ளே இருக்கும் வாஷர் ஒட்டிப் பிடிக்கிறது. வாரம் முழுக்க டிராக்கை இறுக்கியே வைத்திருந்தாயா? ஃபெல்ட் வாஷர் அமுங்கிப்போகும். 2.7 கிலோ நரம்புக்கு 6 கிலோ டிராக் எதற்கு என்று டப்பாக்காரனைத்தான் கேட்க வேண்டும்.

அப்புறம், நரம்பு திரும்புகிற உருளையில் மார்க்கரால் ஒரு புள்ளி வை. பாரத்தோடு சுற்றும்போது புள்ளி சுழல்கிறதா என்று பார். சுழலாவிட்டால் அதுவும் முறுக்கு ஏற்றும்.

எமரால்டு குளிர்:
ஐயா சொன்னது சரி. நாங்கள் நீலகிரிப் பக்கம் டிரவுட் மீனுக்குச் சின்ன ஸ்பின்னர் (நீரில் சுழலும் தகட்டு இரை) போடுகிறவர்கள். அதற்கு முன்னால் சுவிவல் (சுழலும் இணைப்பு) கட்டாவிட்டால் அதுவே முறுக்கு ஏற்றிவிடும். ஸ்பூலை விளிம்புவரை நிரப்பாதீர்கள், 2 மில்லிமீட்டர் குறையட்டும். வீசிய பிறகு பெயில் கம்பியை (நரம்பை ஸ்பூலுக்கு வழிநடத்தும் வளைகம்பி) கையாலேயே மூடுங்கள், கைப்பிடியைச் சுற்றி மூடினால் முதல் சுருள் தொளதொளவென்று உட்காரும்.

பேரிங் எண்ணிக்கையைப் பார்த்து நானும் ஏமாந்தவன்தான். பத்து இருந்ததே என்று எல்லாவற்றிலும் கிரீஸ் அப்பினேன். பின்னால் சுற்றாமல் தடுக்கும் உருளை பேரிங்கிலும் போய்விட்டது. ஜனவரி உறைபனிக் காலையில் கிரீஸ் கெட்டியாகி, மீன் கொத்தியதும் கைப்பிடி பின்பக்கம் சுழன்று விரலில் அடித்தது. அங்கே ஒரு சொட்டு எண்ணெய் போதும்.

ஏரிக்கரை:
மளிகைக்கடை அண்ணாச்சியிடம் தராசு கடன் வாங்கி இழுத்தேன். 1.4 கிலோவுக்குத் தாவுகிறது, 800-க்கு விழுகிறது. திறந்தால் ஃபெல்ட் வாஷர் காய்ந்து தகடாகக் கிடக்கிறது. டிராக்கை ஒருநாளும் தளர்த்தியதில்லை, உண்மைதான். உருளைப் புள்ளியும் அசையவில்லை, உள்ளே பழைய நரம்புத் துணுக்கு சிக்கியிருந்தது. அதை எடுத்ததும் சுழல்கிறது. இருக்கிற முறுக்கை எப்படி எடுப்பது?

பழைய ஃபிட்டர்:
தூண்டில் முள், ஈயக்குண்டு எல்லாம் கழற்றிவிடு. காலிப் புல்வெளியில் நரம்பை ஐம்பது மீட்டர் நீட்டி, இரண்டு விரலிடையே நீவிக்கொண்டே சுற்று. நுனி புல்லில் உருண்டு உருண்டு முறுக்கைக் கழற்றிவிடும். மாடு மேயாத இடமாகப் பார்த்துக்கொள். ரீல் இருக்கட்டும், வாஷரை மட்டும் மாற்று. பழையதன் விட்டத்தையும் தடிப்பையும் அளந்து இங்கே போடு.